அமுதினி கப்பல் ஏறினாளா?

சைரன் அலறியது.

தியேட்டரின் எல்லாச் சுவர்களிலிருந்தும் ஒரே சமயத்தில் கிளம்பிய அந்தச் சத்தத்தில் பால்கனியில் ஒரு குழந்தை வீறிட்டது. யாருடைய மடியிலிருந்தோ முறுக்குப் பொட்டலம் விழுந்தது. திரையில் விண்கப்பலின் இரும்புக் கதவு மூடிக்கொண்டிருக்க, கமாண்டர் இனியன் மயங்கிய மனைவியை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, குறுகிக்கொண்டே வந்த இடைவெளியில் ஸ்லோமோஷனில் நுழைந்தார். அவருடைய தலைமுடி காற்றில் அலைந்தது. அது காற்றே இல்லாத கோள் என்று படத்தின் முதல் காட்சியில் சொன்னவரும் அவர்தான்.

கீர்த்தனா எழுந்து நின்றுவிட்டாள்.

"இது தப்பு."

"ஏனுங்க, படம் மறைக்குது. உக்காந்துட்டுச் சொல்லுங்க" என்றது பின்வரிசை.

அவள் உட்காரவில்லை. பக்கத்து சீட்டில் அத்தை பெரியாத்தாள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அப்பாவின் அக்கா. கீர்த்தனாவுக்கும் மாப்பிள்ளைப் பையனுக்கும் நடுவில் உட்காருவதற்காகவே அழைத்து வரப்பட்டவள். அத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுரேந்தர் எட்டிப் பார்த்தான்.

"என்னாச்சுங்க?"

"அவ போக மாட்டா."

"யாருங்க?"

"அமுதினி."

திரையில் அமுதினி போய்க்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை இவர்கள் இருவருக்கும் நிச்சயதார்த்தம். கீர்த்தனா, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் லிங்கசாமியின் ஒரே மகள். அப்பாவின் கம்பெனியிலேயே வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சுரேந்தர், தாராபுரத்தில் நூல்மில் வைத்திருப்பவரின் மகன். நிச்சயத்துக்கு முன்னால் ஒரு காலை ஷோ பார்த்துவிட்டு வரட்டும் என்று பெரியவர்கள் விட்டதே, இரண்டாயிரத்து ஒன்பதில்கூட, பெரிய தாராளம்.

படத்தைத் தேர்ந்தெடுத்தவள் கீர்த்தனாதான். 'கமாண்டர் இனியன்' அவள் உயிராக வைத்திருந்த ஒரு நாவலிலிருந்து எடுத்த படம். நாவலின் பெயர் 'பனிக்கோளில் ஒருத்தி'. ஒருத்தியின் கதையை எடுத்தவர்கள், படத்துக்கு அவள் புருஷன் பெயரை வைத்தபோதே கீர்த்தனா உஷாராகியிருக்க வேண்டும்.

விளக்குகள் எரிந்தன. சுரேந்தர் அத்தையின் தோளைத் தட்டினான். பெரியாத்தாள் விழித்துக்கொண்டு, "புருசன்காரன் வந்து கூட்டிட்டுப் போயிட்டானா?" என்று கேட்டாள்.

"போயிட்டானுங்க" என்றான் சுரேந்தர்.

"அப்பறம் என்ன. நல்ல படம்."

கார் நிறுத்தத்தில் கீர்த்தனாவால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. காரைச் சுற்றி நடந்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் பேசினாள்.

"நாவல்ல அவ அங்க தனி ஆளுங்க. அந்த ஸ்டேசன்ல ஒரு பம்பு ஓடற சத்தம் மட்டும்தான் கேக்கும். இங்க என்னடான்னா வெள்ளி ட்ரெஸ் போட்டு ஒரு பட்டாளம் ஆடுது. புருசன் நாவல்ல ஆளாவே வர மாட்டாரு. ரேடியோல குரல் மட்டும். 'எப்ப வர்றே?'னு அவர் கேட்டா, அது இவளுக்குக் கேக்க நாப்பது நிமிசம். இவ பதில் சொன்னா அது போய்ச்சேர இன்னொரு நாப்பது நிமிசம். அந்த இடைவெளியிலதான் அவ யோசிக்கறதே. படத்துல அவரு நேர்ல வந்து கன்னத்துல அறையறாரு."

"நாய் நல்லா இருந்துச்சுங்க" என்றான் சுரேந்தர். "அந்த இரும்பு நாய்."

"நாயே கிடையாதுங்க நாவல்ல."

"நானும் படிச்சிருக்கேனுங்க. ஹாஸ்டல்ல இருக்கறப்ப."

கீர்த்தனா நின்றாள். "நிஜமாவா?"

"செகண்ட் இயர்ல. கோயமுத்தூர்ல பழைய புத்தகக் கடையில வாங்கினேன்."

"அவ அங்க என்ன செடி வளர்ப்பா?"

சுரேந்தர் வானத்தைப் பார்த்தான். "தக்காளிங்களா?"

"வெந்தயக்கீரை."

"ஏதோ பச்சையா இருந்துச்சுன்னு ஞாபகம்."

"சரி. கடைசில என்ன ஆகும்?"

"கடைசில வந்துருவாளுங்க. கப்பல்ல."

"நாவல்ல கேக்கறேன். படத்துல இல்ல."

"நாவல்லயும்தானுங்க."

கீர்த்தனா அவனையே பார்த்தாள். கோயில் சிலை மாதிரி திருத்தமான முகம். பொய் சொல்லும்போது இந்த முகம் எப்படி மாறும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. பழகியே மூன்று மாதம்தான். அதுவும் போனில்.

"அவ போக மாட்டா" என்றாள். "மூணாவது சைரன் அடிக்கும். எந்திரிப்பா. அத்தோட முடிஞ்சுது. அவ எந்திரிச்சது கதவைச் சாத்தறதுக்கு. எனக்குப் பன்னெண்டு வயசா இருக்கறப்ப இருந்து படிச்சுட்டு இருக்கேன்."

"இல்லீங்களே..."

"வந்தாளோ வல்லியோ, ஆருக்கு என்ன" என்று பெரியாத்தாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "பொம்பள ஒண்டியா அங்க கெடந்து வெந்தயக்கீரையப் பறிச்சு ஆருக்கு ஆக்கிப் போடறா? காரை எடு சாமி. வெயில் மண்டையப் பொளக்குது."

*

ஒரு நாவலின் முடிவுக்காக யாராவது கல்யாணத்தை நிறுத்துவார்களா? லிங்கசாமியும் அதைத்தான் கேட்டார்.

"படம் அவ்வளவு மோசமா கண்ணு?"

"படத்துக்காக இல்லீங்கப்பா. அவர் பொய் சொல்றாரு."

"என்ன பொய்? தக்காளிக்கும் வெந்தயத்துக்கும் ஒரு பொய்யா?"

"படிக்காத பொஸ்தகத்தைப் படிச்சேன்னு சொல்றாருங்கப்பா. படத்துல பாத்த முடிவை நாவல்லயும் இருக்குன்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்றாரு."

லிங்கசாமி காபி டம்ளரை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். விஷயம் புத்தகம் இல்லை என்று அவருக்குத் தெரியும். பெண் கேட்டு வந்த அன்றே சுரேந்தரின் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் மருமகள் கம்பெனி, ஆபீஸ் என்று போக வேண்டாம், தாராபுரத்தில் வீட்டோடு இருந்தால் போதும். லிங்கசாமி தலையாட்டிவிட்டார். மகள் ஆட்டவில்லை. அன்று சாயங்காலம் சுரேந்தர் போன் செய்து, "நீங்க வேலையை விட வேண்டாங்க, அப்பாகிட்ட நான் பேசறேன்" என்று சொன்ன பிறகுதான் அவள் சரி என்றாள்.

"அந்த ஒரு வார்த்தைய நம்பித்தாங்கப்பா நான் ஒத்துக்கிட்டது. ஒண்ணுமில்லாத விசயத்துலயே இப்படிச் சமாளிக்கறவரு, அங்க போய் என்ன பேசுவாரு? பேசினேன்னு சொல்லுவாரு. நான் தாராபுரத்துல உக்காந்துட்டு இருப்பேன்."

சமையலறை வாசலில் அம்மா வள்ளியாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். அதுவரை வாயைத் திறக்காதவள், "அவர் படிச்சேன்னு சொன்னது எந்தப் பொஸ்தகத்தை?" என்று கேட்டாள்.

"நம்ம பொஸ்தகந்தாங்கம்மா. நீங்க தைச்சது."

"ஓ" என்றாள் அம்மா. உள்ளே போய்விட்டாள்.

அம்மா தைத்தது என்றால் உண்மையிலேயே தைத்தது. கீர்த்தனா சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த நாவல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அம்மா வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து அடுக்கி வைத்தாள். முடிந்ததும் எல்லோரையும் போல பைண்டிங் கடைக்குக் கொடுக்கவில்லை. ஏற்றுமதிப் பெட்டியின் அட்டையை அளவாக வெட்டி, பனியன் தைக்கிற நூலில் ஓரம் அடித்து, தானே புத்தகமாக்கினாள். இத்தனை வருஷத்தில் ஒரு தாள் கழன்றதில்லை. அதைத்தான் கீர்த்தனா பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தாள். எம்பிஏ முடித்ததும் சென்னைக்கும் போகாமல், கல்யாணமும் வேண்டாம் என்று, நேராக அப்பாவின் கம்பெனிக்கு வந்து ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அதன் தைரியத்தில்தான். கப்பல் வந்து நின்றாலும் ஏறாமல் இருக்கலாம் என்று அவளுக்குச் சொன்ன ஒரே ஆள் அமுதினி.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் வரைக்கும் யோசி" என்றார் லிங்கசாமி. "தாராபுரத்துல இருந்து வேன் சொல்லியாச்சு. சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு. வேண்டாம்னா அதுக்குள்ள சொல்லிப்போடு. நான் பேசிக்கறேன். அதுக்கு மேல என்னைய சந்தி சிரிக்க வெக்காத."

*

திங்கட்கிழமை காலை கம்பெனியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமி, விளக்குகள் மறுபடி வந்தபோது கீர்த்தனா செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஆபீசில் உட்கார முடியவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். சுரேந்தரிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். எடுக்கவில்லை.

"என்ன மேடம், இன்னைக்கு காலுல சக்கரமா?" என்றாள் ரோஸ்மேரி. குவாலிட்டி இன்சார்ஜ். நாசரேத்துக்காரி, பி.எஸ்ஸி. படித்தவள், திருப்பூருக்கு வந்து எட்டு வருஷமாகியும் பேச்சு மாறாதவள். "மாப்பிள்ளை கூட படம் பாத்துட்டு வந்தா மொகம் இப்படியா இருக்கும்? எங்க வீட்டுக்காரரு கூட சண்டப் படம் பாத்துட்டு வந்தாக்கூட நான் சிரிச்சிக்கிட்டேதான் வருவேன்."

"சும்மா இருங்கக்கா. ஜெர்மன் ஆர்டர் எந்த அளவுல இருக்கு?"

"முடிஞ்ச மாதிரிதான். பாதி பேக்கிங் போயாச்சு. அளவெல்லாம் சுத்தமா இருக்கு. நான் பாக்குதேன்ல்லா."

கீர்த்தனா ஒரு பீஸை எடுத்தாள். சின்னப் பையன்களுக்கான நீல டி-ஷர்ட். டேபிளுக்கு மேல் ஆணியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சாம்பிள் தொங்கியது. ரோஸ்மேரி இரண்டையும் பக்கத்தில் விரித்து அளவு டேப்பை ஓட்டிக் காட்டினாள். நெஞ்சு, நீளம், கை, கழுத்து. எல்லாம் சரி.

ஆனாலும் கீர்த்தனாவுக்கு எதுவோ உறுத்தியது. அன்று எல்லாமே உறுத்தியது. ஆபீசுக்குப் போய் பீரோவைத் திறந்து, ஜெர்மனியிலிருந்து வந்த ஒரிஜினல் பீஸை எடுத்து வந்தாள். விரித்தாள். கழுத்தை உள்பக்கமாகத் திருப்பினாள்.

பின்கழுத்தில், தோளுக்குத் தோள், ஒரு விரல் அகலத்தில் துணி டேப் வைத்துத் தைத்திருந்தது.

ஆணியில் தொங்கியதைத் திருப்பினாள். டேப் இல்லை. தைத்து முடித்த பீஸ்களைத் திருப்பினாள். ஒன்றிலும் இல்லை.

ரோஸ்மேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏசுவே."

"இது நாம தைச்ச சாம்பிள், அக்கா. ஒரிஜினலைப் பாத்துத் தைச்சது. தைக்கறப்பவே டேப்பை விட்டுட்டாங்க. நீங்க இதை வெச்சு அதைப் பாத்திருக்கீங்க."

"ஆணியில தொங்குததுதானே மேடம் எங்களுக்கு வேதம்? இருக்கத அளக்கலாம். இல்லாதத எப்படி அளக்கச் சொல்லுதீங்க?" ரோஸ்மேரியின் குரல் கோபத்துக்கும் அழுகைக்கும் நடுவில் நின்றது. "மொத்தத்தையும் பிரிக்கணும். கழுத்தப் பிரிச்சாத்தான் டேப் வைக்க முடியும்."

"பிரிச்சிரலாம். ஓவர்டைம் போடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அப்பாகிட்ட நான் பேசறேன்னு சொல்லுதவங்களை எல்லாம் நம்பலாமா?" என்றாள் ரோஸ்மேரி. அந்த நிலையிலும் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. கீர்த்தனா ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே போன் செய்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள்.

கீர்த்தனா சிரிக்கவில்லை. கையில் இரண்டு டி-ஷர்ட்களோடு அப்படியே நின்றாள்.

இல்லாததை எப்படி அளக்க முடியும்?

அவளிடம் இருக்கும் புத்தகமும் ஒரிஜினல் இல்லை. வீட்டில் அம்மா தைத்தது.

போனை எடுத்தாள். சுரேந்தர் முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"அந்த நாவல் இப்பவும் உங்ககிட்ட இருக்குங்களா?"

"இருக்குங்க. நேத்து ராத்திரியே தேடி எடுத்துட்டேன். அதுக்குத்தான் கூப்பிட்டேன். வெந்தயக்கீரைதானுங்க. நீங்க சொன்னது சரி."

"நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

*

அவினாசி ரோட்டு பேக்கரியில் செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம் இல்லை. லாரிகள் போகும்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ்கள் நடுங்கின. சுரேந்தர் புத்தகத்தை ஒரு பாலிதீன் கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தான். பழுப்பேறிய மலிவுப் பதிப்பு. அட்டையில் விண்வெளி உடை போட்ட பெண்.

கீர்த்தனா கடைசிப் பக்கத்தைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து சில பக்கங்கள் தள்ளித் திருப்பிக்கொண்டே வந்தாள். 'மூன்றாவது சைரன் ஒலித்தது. அமுதினி எழுந்தாள்.' அவளுக்கு மனப்பாடமான வரி. அவள் புத்தகத்தில் இதற்குப் பிறகு அட்டை. இதில் பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு அத்தியாயம்.

படித்தாள். டீ வந்தது, ஆறியது.

அமுதினி எழுந்தாள். பம்பை நிறுத்தினாள். அதுவரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு கப்பலுக்குள் போனாள். ஆளில்லாமல் வந்து நின்ற கப்பல். ஓட்டுநர் இருக்கையில் தானே உட்கார்ந்து, தானே கதவை மூடினாள். ரேடியோவில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: 'வருகிறேன்.' அது போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆகும் என்பதோடு கதை முடிந்தது.

"படத்துல தூக்கிட்டுப் போறாங்க" என்றான் சுரேந்தர் மெதுவாக. "புக்ல அவளே ஓட்டிட்டு வர்றா. எனக்கு புக்தானுங்க பிடிக்கும். ஆனா ரெண்டுலயும் வந்து சேந்துடறா. அதனாலதான் அன்னைக்குச் சொன்னேன்."

"வந்து என்ன பண்றா?"

"அது இதுல இல்லீங்களே."

கீர்த்தனா புத்தகத்தை மூடினாள். "நான் உங்களைப் பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன். எங்க வீட்ல அப்படித்தான் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க."

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இந்த விசயத்துல பொய் சொல்லலீங்க" என்றான்.

"அப்படின்னா?"

"அப்பாகிட்டப் பேசறேன்னு சொன்னேனில்லீங்களா? இன்னும் பேசல."

ஒரு லாரி போனது. பப்ஸ்கள் நடுங்கி அடங்கின.

"மூணு மாசமாவா?"

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேனுங்க. அவரு மூஞ்சியப் பாத்ததும் பருத்தி விலையப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன். நிச்சயம் முடிஞ்சுட்டா கொஞ்சம் இளகுவாருன்னு பாத்தேன். வியாழக்கிழமைக்கு அப்புறம் கண்டிப்பாப் பேசறேனுங்க."

"நிச்சயம் முடிஞ்சுட்டா, நான் எதை வெச்சுங்க பேசறது?"

அவன் பாலிதீன் கவரை நான்காக மடித்தான். நல்லவன்தான். அதில் அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை. அதுதான் இன்னும் தொந்தரவாக இருந்தது. பொய்யன் என்றால் எழுந்து போய்விடலாம்.

"இந்தப் புக்கை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"வெச்சுக்கோங்க. அப்ப வியாழக்கிழமை?"

"சாயங்காலம் எங்கப்பா சொல்லுவாரு."

ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். முன்னால் பனியன் மூட்டை ஏற்றிய டெம்போ ஊர்ந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். என்ன சொல்வது? அமுதினியே ஏறிவிட்டாள். இத்தனை வருஷம் எவளைக் காட்டி எல்லோரிடமும் வீம்பு பிடித்தாளோ, அவளே கீரைத் தட்டோடு கிளம்பிப் போய்விட்டாள். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு 'முடியாது' என்று சொல்வது?

*

வீட்டில் அப்பா ஹாலில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். "இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு நேராகத் தன் அறைக்குப் போனாள்.

அலமாரியிலிருந்து அம்மா தைத்த புத்தகத்தை எடுத்தாள். சுரேந்தரின் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, மூன்றாவது சைரன் ஒலித்த பக்கத்தை இரண்டிலும் திறந்தாள். ஒரு வாரம் பத்திரிகை கிடைக்காமல் போயிருக்கும். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் பார்த்தாள். அம்மாவின் புத்தகத்தில் எல்லாத் தாளும் ஒரே உயரம். கடைசித் தாள் மட்டும் அடியில் ஒரு விரல் அளவு குட்டை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. முந்தைய பக்கங்களைத் திருப்பினாள். ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தில்தான் அடைப்புக்குறிக்குள் 'தொடரும்' என்று போட்டிருந்தார்கள்.

பக்கத்து அறையில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, நிச்சயப் புடவையின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கீர்த்தனா இரண்டு புத்தகங்களையும் அவள் முன்னால் வைத்தாள்.

"நம்ம பொஸ்தகத்துல கடைசி அத்தியாயம் இல்லீங்கம்மா."

அம்மா நிமிரவில்லை. "ஒரு வாரம் தவறிப் போயிருக்கும். அப்பெல்லாம் கடையில சீக்கிரம் தீந்து போயிரும்."

"தவறிப் போயிருந்தா, இந்த வாரத்து அடியில 'அடுத்த இதழில் முடியும்'னு போட்டிருப்பாங்களே. அதை ஏன் வெட்டுனீங்க?"

ஊசி நின்றது. அம்மா அந்தக் குட்டைத் தாளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மத்த தாளையும் அதே அளவுக்கு வெட்டியிருக்கணும்" என்றாள்.

"அம்மா."

"அப்ப நாம ரெண்டு பேரும் குன்னத்தூர்ல இருந்தோம் கண்ணு. நான் பொறந்த ஊட்ல, அப்புச்சிகிட்ட."

"லீவுக்குப் போனமே, அதா? பள்ளிக்கூடம் தொறந்தும் நான் போகாம அங்கயே விளையாடிட்டு இருந்தனே?"

"லீவுன்னு உங்கிட்டச் சொன்னோம்."

கீர்த்தனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கம்பெனி ரெண்டு மிசின்ல ஆரம்பிச்சது" என்றாள் அம்மா. "ஒண்ணுல உங்கப்பா, ஒண்ணுல நான். அவரை விட நான் வேகமாத் தைப்பேன். அவரே சொல்லுவாரு. அப்பறம் மிசின் எச்சா ஆச்சு, ஆளுக வந்தாங்க. ஒரு நாள், ஓனர் சம்சாரம் டெய்லருகளோட உக்காந்து தைச்சா மரியாதை இருக்காது, நீ ஊட்லயே இருந்துக்கன்னாரு. சத்தம் போடல, ஒண்ணும் பண்ணல. நல்லபடியாத்தான் சொன்னாரு. மறுநாள் போய்ப் பாத்தா என்ற மிசின்ல வேற ஒரு புள்ள உக்காந்திருந்துச்சு. நான் உன்னையக் கூட்டிட்டுக் குன்னத்தூருக்கு பஸ் ஏறிட்டேன். இனி வர மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

"எனக்குத் தெரியவே தெரியாதுங்கம்மா."

"உங்கப்பாவுக்கே இப்ப மறந்திருக்கும்."

ஹாலிலிருந்து லிங்கசாமியின் குரல் வந்தது. "வள்ளி, அவ என்ன சொல்றா? தாராபுரத்துக்காரங்க லைன்ல இருக்காங்க."

"இருக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா, எழாமலே. அந்தக் குரலை கீர்த்தனா இதற்கு முன்னால் கேட்டதில்லை.

கீர்த்தனா பழுப்பேறிய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திறந்து அம்மாவின் பக்கம் திருப்பினாள். "அப்ப இதை நீங்க படிக்கவே இல்லீங்களா?"

அம்மா புத்தகத்தை வாங்கவில்லை. ரவிக்கையை மடியில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"படிச்சேன் கண்ணு. அப்புச்சிதான் கடைவீதிக்குப் போய் அந்த வாரத்தை வாங்கிட்டு வந்து குடுத்தாரு. அவ கப்பல் ஏறுனதைப் படிச்சுட்டுத்தான் மறுநாள் நானும் பஸ் ஏறி இங்க வந்தேன், அதான் உன்ற பொஸ்தகத்துல அதை வெச்சுத் தைக்கல."